வீட்டு கார் ஷெட்டில் லேத்: த்ரீ பேஸ் வாங்குவது முதல் பெட் முறுக்கு எடுப்பது வரை

கோயம்புத்தூரில் லேத் (இரும்பைச் சுழற்றிக் கடையும் இயந்திரம்) என்றால் என்னவென்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் எந்தச் சந்தில் நுழைந்தாலும் ஒரு பட்டறைச் சத்தம் கேட்கும். ஆனால் அதே லேத்தை வீட்டு கார் ஷெட்டில் வைக்கப் போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள், ஆளுக்கொரு பதில் வரும். மின்சாரம் பற்றி ஒருவர் சொல்வதை அடுத்தவர் மறுப்பார். இயந்திரம் விற்பவருக்கு அதை உங்கள் வாசலில் இறக்கிவிட்டால் வேலை முடிந்தது. தரை, எர்த், லெவல் எல்லாம் உங்கள் தலையில். நான் விசாரித்து, அலைந்து, செய்து முடித்ததை வரிசையாக எழுதுகிறேன். தமிழ்நாட்டில் சொந்த வீட்டிலோ வாடகை வீட்டிலோ முதன்முறையாக லேத் வைக்கிறவருக்கானது இது.

முதலில் ஒரே ஒரு விஷயம். லேத்தைக் கடைசியாக வாங்குங்கள். இடம், தரை, மின்சாரம், எர்த் எல்லாம் முடிந்த பிறகுதான் இயந்திரம் வீட்டுக்கு வர வேண்டும். மலிவாகக் கிடைக்கிறது என்று முதலில் வாங்கிப் போட்டால், மின் இணைப்பு வரும்வரை அது தார்ப்பாய்க்குள் கிடக்கும். ஒரே மழைக்காலத்தில் பெட் (லேத்தின் நீளமான வார்ப்பிரும்பு அடிப்பகுதி) முழுக்கத் துரு பிடித்துவிடும். அந்தத் துருவைத் தேய்த்து எடுக்கும்போது பெட்டின் துல்லியமும் சேர்ந்தே போகும்.

1. உங்களுக்கு எவ்வளவு பெரிய லேத் வேண்டும்?

நம் ஊரில் லேத்தை பெட் நீளத்தை வைத்துத்தான் விற்கிறார்கள்: நாலரை அடி, ஆறு அடி, எட்டு அடி. வீட்டுக்கு நாலரை அடி போதும். புஷ், ஷாஃப்ட், போல்ட், சின்ன புல்லி, பம்பு உதிரி என்று கையடக்க வேலைகள் எல்லாம் அதில் அடங்கிவிடும். ஆறு அடிக்குப் போனால் எடை ஏறக்குறைய ஒரு டன்னைத் தொடும். அப்போது வண்டி, தரை, மோட்டார் எல்லாமே ஒரு படி மேலே போகும்.

மோட்டார் அளவை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள், மின்சாரக் கணக்கு முழுவதும் இதில்தான் நிற்கிறது. நாலரை அடி பெல்ட் லேத்துக்கு 1 எச்.பி. போதும். ஆறு அடிக்கு 2 எச்.பி. வேண்டும். ஆல் கியர் லேத் (வேகத்தை கியர்களாலேயே மாற்றுவது) என்றால் 2 முதல் 3 எச்.பி.

2. எந்த வழியில் மின்சாரம்? இதை முதலில் முடிவு செய்யுங்கள்

மூன்று வழிகள் உள்ளன. எது உங்களுக்கு ஒத்துவரும் என்பது, நீங்கள் பொழுதுபோக்குக்கு ஓட்டுகிறீர்களா, கூலிக்கு வேலை எடுக்கிறீர்களா என்பதைப் பொறுத்தது.

முதல் வழி, இருக்கிற சிங்கிள் பேஸிலேயே வி.எஃப்.டி. (மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றி மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) போட்டு ஓட்டுவது. 230 வோல்ட் சிங்கிள் பேஸ் உள்ளே போகும், 230 வோல்ட் த்ரீ பேஸ் வெளியே வரும். மோட்டாரை அந்த வோல்டேஜுக்கு டெல்டாவில் இணைக்க வேண்டும் (டெல்டா, ஸ்டார் இரண்டும் மோட்டாரின் மூன்று சுருள்களை இணைக்கும் முறைகள்). நம்மூர் த்ரீ பேஸ் மோட்டார்களில் 2 எச்.பி. வரை பெரும்பாலும் 415 வோல்ட்டுக்கு ஸ்டாரில் கட்டியிருப்பார்கள், அவற்றை டெல்டாவுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் மோட்டாரின் டெர்மினல் பெட்டியைத் திறந்து, ஆறு முனைகளும் வெளியே வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். மூன்று முனைதான் இருக்கிறது என்றால் ஸ்டார் முடிச்சு உள்ளேயே போடப்பட்டிருக்கிறது, வைண்டிங் கடையில் கொடுத்து வெளியே எடுக்க வேண்டும். 3 எச்.பி.யும் அதற்கு மேலும் என்றால் பெரும்பாலும் 415 வோல்ட்டுக்கே டெல்டாவில் இருக்கும். அவற்றுக்கு இந்த வழி சரிப்படாது. பெயர்ப்பலகையில் வோல்டேஜும் இணைப்பு முறையும் அச்சிட்டிருக்கும், அதை நம்புங்கள், விற்பவர் வாயை நம்பாதீர்கள்.

வாடகை வீட்டில் இருப்பவருக்கும், ஞாயிறு மட்டும் ஓட்டுகிறவருக்கும் இதுதான் நல்ல வழி. 2 எச்.பி. வி.எஃப்.டி. ஏறத்தாழ பத்தாயிரம் முதல் பதினைந்தாயிரத்துக்குள் கிடைக்கிறது. வேகத்தை ஒரு குமிழில் மாற்றலாம் என்பது கூடுதல் லாபம். இரண்டு எச்சரிக்கைகள்: வி.எஃப்.டி.க்கும் மோட்டாருக்கும் நடுவில் ஸ்டார்ட்டரோ டிரம் சுவிட்சோ போடக் கூடாது, ஓட்டத்தில் அதைத் திறந்தால் வி.எஃப்.டி. போய்விடும். அப்புறம், 25 ஹெர்ட்ஸுக்குக் கீழே நெடுநேரம் ஓட்டினால் மோட்டாரின் சொந்த விசிறி போதாமல் சூடேறும். மெதுவான வேகத்துக்கு பேக் கியரைப் பயன்படுத்துங்கள்.

இரண்டாம் வழி, வீட்டு இணைப்பையே த்ரீ பேஸாக மாற்றுவது. தமிழ்நாட்டில் 4 கிலோவாட் வரை சிங்கிள் பேஸ், அதற்கு மேல் த்ரீ பேஸ். பல வீடுகளில் ஏசியும் கீசரும் வந்த பிறகு உண்மையான லோடு அந்த வரம்பை எப்போதோ தாண்டியிருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒன்றரை டன் ஏசி சுமார் 1.7, கீசர் 2, தண்ணீர் மோட்டார் 1 எச்.பி. 0.75, விளக்கு விசிறி எல்லாம் 0.5, லேத் 2 எச்.பி. 1.5, அரை எச்.பி. கிரைண்டர் 0.37. மொத்தம் 6.8 கிலோவாட்டுக்கு மேல் வருகிறது. 7 கிலோவாட் என்று விண்ணப்பிக்கலாம்.

மூன்றாம் வழி, ஷெட்டுக்குத் தனி இணைப்பு. கூலிக்கு வேலை எடுக்கப்போகிறீர்கள் என்றால் இது ஒன்றுதான் சரியான வழி. குடிசை மற்றும் குறுந்தொழில்களுக்கான எல்.டி. (தாழ்வழுத்த) 3-ஏ-1 பிரிவில் 12 கிலோவாட் வரை கேட்கலாம். ஷெட்டுக்குத் தனி வாசலும், வீட்டோடு எங்கும் ஒட்டாத தனி வயரிங்கும் இருக்க வேண்டும். நடுவில் கதவு வைத்து இரண்டையும் இணைத்திருந்தால் தனி இணைப்பு கிடைப்பது கடினம். இந்தப் பிரிவில் நீங்கள் ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் கிலோவாட் கணக்கில் நிலைக் கட்டணம் உண்டு. அதனால் தேவைக்கு மேல் லோடு கேட்க வேண்டாம்.

வீட்டு இணைப்பில் கூலி வேலை செய்வது பெரிய பொறி. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவு, அனுமதித்த பயன்பாட்டைத் தாண்டி மின்சாரத்தைப் பயன்படுத்தினால் உரிய கட்டணத்தைப் போல் இரண்டு மடங்கு வசூலிக்கச் சொல்கிறது. எந்த நாளிலிருந்து என்று தெரியாவிட்டால், ஆய்வு நடந்த நாளுக்கு முந்தைய 12 மாதம் முழுவதற்கும் கணக்குப் போடுவார்கள். சொந்த உபயோகத்துக்கு மட்டும்தான் என்றாலும், வீட்டு இணைப்பில் லேத் ஓட்டப் போவதை உதவி மின் பொறியாளருக்கு எழுத்தில் தெரிவித்து, ஒப்புகை முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழியாகக் கேட்ட பதில் அதிகாரி மாறினால் மாறிவிடும்.

பம்பு செட்டுகளில் ஒரு பேஸ் போனால் கன்டென்சர் வைத்து ஓட்டுகிற வழக்கம் நமக்குத் தெரியும். லேத்துக்கு அதைச் செய்யச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் மறுத்துவிடுங்கள். முழு விசை கிடைக்காது, மோட்டார் சூடேறும், வெட்டு நடுவில் திணறி நின்றால் டூல் உடையும்.

3. விண்ணப்பிக்கும் முன் தெருக் கம்பத்தைப் பாருங்கள்

உங்கள் வீட்டுக்கு வயர் வருகிற கம்பத்தில் எத்தனை கம்பி ஓடுகிறது? மூன்று பேஸும் ஒரு நியூட்ரலும் இருந்தால் வேலை சுலபம், சர்வீஸ் வயரும் மீட்டரும் மாற்றினால் போதும். சில சந்துகளில் கடைசிக் கம்பம் வரை சிங்கிள் பேஸ்தான் போயிருக்கும். அங்கே லைன் நீட்ட வேண்டும், கம்பம் நட வேண்டியும் வரலாம். முதல் வகைக்கு நாள் கணக்கில் வேலை முடியும், இரண்டாம் வகை மாதக் கணக்கில் இழுக்கும், செலவும் அதற்கேற்ப ஏறும்.

கிராமப்புறம் என்றால் இன்னொன்றையும் விசாரியுங்கள். விவசாய லைன்களில் த்ரீ பேஸ் குறிப்பிட்ட நேரம் மட்டும் தந்து, மிச்ச நேரம் இரண்டு பேஸ் மட்டும் விடுகிற வழக்கம் சில இடங்களில் உண்டு. உங்கள் இணைப்பு அந்த லைனில் இருக்கிறதா என்று பக்கத்துப் பட்டறைக்காரரையோ மாவு மில்காரரையோ கேளுங்கள், உடனே சொல்லிவிடுவார்கள்.

4. ஆவணங்கள்

மின் பகிர்மானக் கழகத்தின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம், பணமும் அங்கேயே கட்டலாம். கையில் வைத்திருக்க வேண்டியவை:

- ஆதார், புகைப்படம்
- இருக்கும் இணைப்பின் எண், பாக்கியில்லாத கடைசி மின் கட்டண ரசீது
- நடப்பு சொத்து வரி ரசீது அல்லது கிரயப் பத்திரம்
- வாடகைக்கு இருந்தால் வீட்டு உரிமையாளரின் சம்மதக் கடிதம்
- உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர் கையெழுத்திட்ட வயரிங் முடிந்த அறிக்கை
- குறுந்தொழில் பிரிவு என்றால் உத்யம் பதிவுச் சான்றிதழ், உள்ளாட்சியின் தொழில் உரிமம்

இதில் ஆளை முடக்குவது இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்பதுதான். தாத்தா பெயரில் இணைப்பு, அப்பா பெயரில் சொத்து வரி, விண்ணப்பிப்பது நீங்கள் என்றால் முதலில் பெயர் மாற்றம் செய்ய வேண்டும். வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் என்று அது தனியாக நேரம் பிடிக்கும். லேத் பற்றி யோசிக்கத் தொடங்கிய அன்றே மின் ரசீதில் உள்ள பெயரைப் பாருங்கள்.

உத்யம் பதிவு முழுக்க இலவசம். ஆதார், பான் எண் இருந்தால் வீட்டிலிருந்தே செய்துவிடலாம். அரசு தளம் போலவே தோற்றம் வைத்துப் பணம் கேட்கும் தனியார் தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கும். பணம் கேட்டாலே அது உண்மையான தளம் இல்லை.

மின் இணைப்புக்கான செலவு பல தலைப்புகளில் வரும்: பதிவுக் கட்டணம், இணைப்புக் கட்டணம், மீட்டர் வைப்புத்தொகை, வளர்ச்சிக் கட்டணம், பாதுகாப்பு வைப்புத்தொகை. இதில் பல, கிலோவாட் கணக்கில் பெருகும். கடந்த சில ஆண்டுகளாக ஜூலை மாதத்தில் கட்டணங்கள் மாறுகின்றன. ஆகவே போன வருடம் நண்பர் கட்டிய தொகையை வைத்துத் திட்டமிட வேண்டாம், விண்ணப்பிக்கும் நாளில் தளத்தில் இருக்கும் பட்டியலைப் பாருங்கள். எந்தத் தொகையாக இருந்தாலும் ரசீது உண்டு. ரசீதில்லாத தொகை எதுவும் இந்த வேலையில் தேவைப்படாது.

5. தரை

இணைப்புக்குக் காத்திருக்கும் நாட்களில் தரை வேலையை முடித்துவிடலாம்.

கார் ஷெட் தரை தண்ணீர் வடிவதற்காக வாசல் பக்கம் சரிந்திருக்கும். அதன் மேல் பார்க்கிங் டைல்ஸ் வேறு ஒட்டியிருப்பார்கள். டைல்ஸ் மேல் லேத்தை வைக்கவே கூடாது. அடியில் கலவை முழுவதும் நிரம்பியிருக்காது, கால் வைத்த இடத்தில் உடைந்து இறங்கும். லேத் நிற்கும் பரப்பளவுக்கு டைல்ஸை வெட்டி எடுத்து, ஆறு அங்குலத்துக்கு எம்-20 கான்கிரீட் போட்டு, சரிவில்லாமல் மட்டம் பாருங்கள். ஏழு நாள் தண்ணீர் விட்டு ஆற வையுங்கள். முழு பலம் வர 28 நாள் ஆகும். அவசரமில்லை என்றால் அதுவரை எடை ஏற்ற வேண்டாம்.

இடம் விடுவதில் கஞ்சம் பிடிக்காதீர்கள். ஹெட்ஸ்டாக் (சுழலும் தண்டான ஸ்பிண்டில் இருக்கும் முனை) பக்கம் கியர் மூடியைத் திறக்கவும், ஸ்பிண்டில் வழியாக நீளக் கம்பி வெளியே வரவும் இரண்டடி வேண்டும். பின்னால் மோட்டாரையும் பெல்ட்டையும் தொட ஒன்றரை அடி. முன்னால் நீங்கள் நின்று நகர மூன்றடி. அதே ஷெட்டில் பெட்ரோல் வண்டி நிறுத்துவதாக இருந்தால் கிரைண்டரை அதன் பக்கம் வைக்காதீர்கள்.

6. வயரிங், எர்த், ஸ்டார்ட்டர்

உயிர் சம்பந்தப்பட்ட பகுதி இது. எல்லாவற்றையும் நீங்களே செய்கிறவராக இருந்தாலும், இதை மட்டும் உரிமம் உள்ள ஒப்பந்ததாரரிடம் விடுங்கள். ஆனால் அவர் என்ன செய்கிறார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

2 எச்.பி. த்ரீ பேஸ் மோட்டார் முழு லோடில் சுமார் மூன்றரை ஆம்பியர் இழுக்கும், 3 எச்.பி. சுமார் ஐந்து. நேரடியாக ஸ்டார்ட் செய்யும் நொடியில் ஐந்தாறு மடங்கு போகும். 2.5 சதுர மி.மீ. தாமிர வயர் போதும், மீட்டரிலிருந்து ஷெட் தூரம் என்றால் 4 சதுர மி.மீ. போடுங்கள். லேத்துக்குத் தனி எம்.சி.பி. வேண்டும். ஷெட் முழுவதற்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் சுவிட்ச்) போடுங்கள். வி.எஃப்.டி. வழியில் போனவர்களுக்கு அந்த ஆர்.சி.சி.பி. காரணமில்லாமல் டிரிப் ஆகலாம். அதற்காக அதைக் கழற்றி எறியாமல், வி.எஃப்.டி.க்கு ஏற்ற வகை எது என்று ஒப்பந்ததாரரிடம் கேட்டு மாற்றுங்கள்.

415 வோல்ட் மோட்டாரின் உடலுக்கு இரண்டு தனித்தனி எர்த் இணைப்பு கட்டாயம். வீட்டு எர்த்தோடு ஒரு கம்பியைச் சேர்த்துக் கட்டிவிட்டு வேலை முடிந்தது என்பார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். ஷெட்டுக்கு வெளியே புதிதாகக் குழி எடுத்து, இரண்டரை மீட்டர் ஜி.ஐ. பைப் இறக்கி, கரியும் உப்பும் போட்டு, மேலே தண்ணீர் ஊற்ற வழி வைத்து மூடுங்கள். கோடையில் அதில் தண்ணீர் ஊற்ற மறக்கக் கூடாது.

த்ரீ பேஸ் வந்ததும் வீட்டு லோடும் மூன்று பேஸிலும் பிரியும். இங்கே புதிதாக வருகிற ஆபத்து நியூட்ரல். சிங்கிள் பேஸில் நியூட்ரல் விட்டுப்போனால் விளக்கு அணையும், அவ்வளவுதான். த்ரீ பேஸில் பொது நியூட்ரல் விட்டுப்போனால் ஒரு பேஸில் உள்ள பொருளுக்கு 230க்குப் பதிலாக 400 வோல்ட் வரை ஏறலாம். டிவி, பிரிட்ஜ் எல்லாம் ஒரே நொடியில் எரியும். மீட்டர் போர்டில் நியூட்ரல் முடிச்சை நீங்களே நின்று இறுக்கச் சொல்லுங்கள், நியூட்ரலில் தனி ஃபியூஸ் போட விடாதீர்கள், வோல்டேஜ் ஏறினால் துண்டிக்கும் ரிலே ஒன்றும் சேர்த்துவிடுங்கள்.

இனி ஸ்டார்ட்டர், வி.எஃப்.டி. இல்லாமல் ஓட்டுகிறவர்களுக்கு. பழைய லேத்துகள் பல, வெறும் டிரம் சுவிட்சோடு வரும்: ஃபார்வர்ட், ஆஃப், ரிவர்ஸ். கரண்ட் போனால் சுவிட்ச் ஆன் நிலையிலேயே நிற்கும். நீங்கள் சக்கில் (வெட்டும் பொருளைப் பிடித்துச் சுற்றும் பகுதி) கை வைத்து வேலையைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது கரண்ட் வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் டிரம் சுவிட்சுக்கு முன்னால் டி.ஓ.எல். (நேரடி இணைப்பு) ஸ்டார்ட்டர் கட்டாயம் போட வேண்டும். அதன் நோ வோல்ட் காயில், கரண்ட் போனதும் தொடர்பை விட்டுவிடும், நீங்கள் பச்சைப் பொத்தானை மறுபடி அழுத்தினால்தான் ஓடும். ஓவர்லோடு ரிலேயை மோட்டார் பெயர்ப்பலகையில் உள்ள ஆம்பியருக்குத் திருப்பி வையுங்கள். 2 எச்.பி. ஸ்டார்ட்டர் இரண்டாயிரம் முதல் நாலாயிரத்துக்குள் முடியும். ஒரு பேஸ் போனால் மோட்டாரைக் காப்பாற்ற சிங்கிள் பேஸ் ப்ரிவென்டரையும், பேஸ் வரிசை பார்க்கும் வகையாக, சேர்த்து வாங்குங்கள்.

பேஸ் வரிசை ஏன் என்றால், தெருவில் லைன் வேலை நடந்து கம்பத்தில் இரண்டு கம்பி இடம் மாறினால் உங்கள் லேத் மறுநாள் எதிர்த்திசையில் சுற்றும். சக் மரையில் ஏற்றுகிற ஸ்பிண்டிலாக இருந்தால், எதிர்த்திசையில் வேகம் எடுக்கும்போது சக் மரை கழன்று வெளியே வரும். பதினைந்து இருபது கிலோ இரும்பு சுற்றிக்கொண்டே தரையில் விழும். இது அரிதுதான், ஆனால் நடக்கக் கூடியது. அப்படிப்பட்ட லேத்தில் ரிவர்ஸில் வெட்டுவதும், ஓட்டத்தில் சட்டென்று ரிவர்ஸ் போட்டு நிறுத்துவதும் கூடவே கூடாது.

விளக்கு பற்றி ஒரு வார்த்தை. பழைய சோக் போட்ட ஒற்றை டியூப் லைட்டின் கீழ், சுற்றுகிற சக் சில வேகங்களில் நின்றிருப்பது போலத் தெரியும். நல்ல எல்.இ.டி. விளக்கு இரண்டு, வேறு வேறு பேஸிலிருந்து கொடுங்கள்.

7. இப்போது லேத் வாங்கலாம்

புதிது வாங்கினால் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ராஜ்கோட், படாலா போன்ற ஊர்களிலிருந்து வரவழைத்தால் லாரி வாடகை தனி, மதிப்பு ஐம்பதாயிரத்துக்கு மேல் என்றால் இ-வே பில்லும் வேண்டும். பழையதில், நான் பார்த்தவரை, நாலரை அடி லேத் நிலையைப் பொறுத்து ஐம்பதாயிரத்தில் தொடங்கி லட்சத்தைத் தாண்டியும் போகிறது. கல்வி நிறுவனப் பணிமனையிலிருந்து ஏலத்தில் வெளியேறும் எச்.எம்.டி., கிர்லோஸ்கர், பி.எஸ்.ஜி. லேத்துகள் கண்ணில் பட்டால் விடாதீர்கள். மாணவர்கள் கையில் மோதல் தழும்பு பட்டிருக்கும், ஆனால் மூன்று ஷிஃப்ட் ஓடிய இயந்திரத்தின் தேய்மானம் இருக்காது.

பழையதைப் பார்க்கப் போகும்போது டயல் கேஜும் (மிகச் சிறிய அசைவை முள்ளால் காட்டும் கருவி) அதைத் தாங்கும் மேக்னெட் ஸ்டாண்டும் எடுத்துப் போங்கள். புது பெயின்ட் அடித்திருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். ஒரு வியாபாரியிடம் நான் பார்த்த லேத் பளபளவென்று இருந்தது, கியர் மூடியைத் திறந்தால் உள்ளே இரண்டு பல் இல்லை.

பெட் தேய்மானத்துக்கு ஒரு எளிய சோதனை: கேரேஜை (டூலைத் தாங்கி பெட்டின் மேல் நகரும் பகுதி) சக் பக்கம் கொண்டுவந்து, அதன் லாக்கை லேசாக இறுக்கி, கஷ்டப்பட்டு நகரும் அளவுக்கு வையுங்கள். அப்படியே டெயில்ஸ்டாக் (சக்குக்கு எதிர் முனையில் இருப்பது) பக்கம் நகர்த்துங்கள். போகப்போக இறுகி நின்றுவிட்டால் சக் பக்கம் பெட் தேய்ந்திருக்கிறது என்று பொருள். கொஞ்சம் இறுகுவது எல்லாப் பழைய லேத்திலும் உண்டு. நகரவே இல்லை என்றால் விட்டுவிடுங்கள், பெட்டைக் கிரைண்டிங் செய்யும் செலவில் வேறு லேத் வாங்கலாம்.

ஸ்பிண்டிலுக்கு டயலைச் சக்கின் மேல் வைக்காதீர்கள், சக்கைக் கழற்றி ஸ்பிண்டில் மூக்கிலேயே வையுங்கள். சுற்றிப் பார்த்த பிறகு, ஒரு கட்டையைக் கீழே கொடுத்து நெம்பிப் பாருங்கள். 0.05 மி.மீ.க்கு மேல் முள் ஆடினால் பேரிங்கில் வேலை இருக்கிறது. கிராஸ் ஸ்லைடு (டூலைக் குறுக்கே நகர்த்தும் பகுதி) கைப்பிடி கால் சுற்று வரை சும்மா சுற்றினால் பொறுத்துக்கொள்ளலாம்.

கேட்காமல் விடுவது மாற்று கியர்கள். விற்பவர் ஏதோ மூலையில் போட்டிருப்பார், கேட்டால்தான் தருவார். முழு செட்டும் இல்லாவிட்டால் மரை வெட்ட முடியாது. லீட் ஸ்க்ரூ (மரை வெட்டும்போது கேரேஜை நகர்த்தும் நீளத் திருகு) அங்குலக் கணக்கில் இருந்தால் 127 பல் கியர் இருக்கிறதா என்று பாருங்கள், அது இருந்தால்தான் மில்லிமீட்டர் மரை சரியாக வரும். த்ரீ ஜா சக், டாக் சக் (நான்கு ஜா உள்ளது), ஸ்டெடி, ஃபேஸ் பிளேட், சென்டர்கள் எல்லாம் விலையில் சேர்ந்தவையா என்று எழுதி வாங்குங்கள். தனியே வாங்கினால் ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கில் போகும். பேச்சு முடிந்ததும் பில்லும் வாங்குங்கள்.

8. கொண்டுவருவதும் இறக்குவதும்

நாலரை அடி லேத் பொதுவாக 500 முதல் 800 கிலோ. குட்டி யானை 750 கிலோ அளவுக்குத்தான் தாங்கும், ஆகவே எடையை விசாரித்துவிட்டு வண்டி பேசுங்கள். சந்தேகமென்றால் தோஸ்த் மாதிரி ஒரு படி பெரிய வண்டி.

லேத்தின் எடை முழுவதும் ஹெட்ஸ்டாக் பக்கம், அதுவும் மேலே இருக்கிறது. கால் அகலம் குறைவு. கொஞ்சம் சாய்ந்தால் போதும், கவிழ்ந்துவிடும். தூக்கும் முன் கேரேஜையும் டெயில்ஸ்டாக்கையும் கடைசிக்குத் தள்ளி லாக் செய்யுங்கள், பாரம் ஓரளவு சமமாகும். தூக்கும் பெல்ட்டை பெட்டின் அடியில் கொடுக்க வேண்டும், லீட் ஸ்க்ரூவிலோ ஃபீட் ராடிலோ அழுத்தம் விழக் கூடாது. இடையில் மரக்கட்டை வைத்துக் காப்பாற்றுங்கள். ஒரு முறை வளைந்த லீட் ஸ்க்ரூ நேராகாது.

ஏற்றுமிடத்திலும் இறக்குமிடத்திலும் ஹைட்ரா (நகரும் கிரேன்) பேசுவதே நல்லது. ஷெட்டுக்குள் ஹைட்ரா நுழையாது. வாசலில் இறக்கி, ஒன்றரை அங்குல பைப் நாலைந்தை அடியில் கொடுத்து, கடப்பாரையால் நெம்பி நெம்பி உள்ளே உருட்டலாம். இயந்திரம் தூக்கிப் பழகிய ஆட்களைக் கூப்பிடுங்கள், வீடு மாற்றும் ஆட்கள் வேண்டாம். சாயும்போது பிடிக்கப் போகாதீர்கள் என்று எல்லோரிடமும் முன்பே சொல்லிவையுங்கள்.

9. பெட்டில் முறுக்கு எடுப்பது

புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான். லேத் வந்த அன்றே கரண்ட் கொடுத்து வெட்டிப் பார்க்கத் தோன்றும். வெட்டினால் டேப்பர் வரும் (ஒரு முனை பெருத்தும் மறுமுனை சிறுத்தும் இருக்கும்), லேத் சரியில்லை என்று மனம் உடையும். லேத் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும், நாலு கால் தரையில் சமமாக நிற்காததால் பெட் முறுக்கியிருக்கும். கனமான வார்ப்பிரும்பு முறுக்காது என்று நினைக்கிறோம், நமக்கு வேண்டிய துல்லியத்தில் அது நிச்சயம் முறுக்கும்.

ஒரு மீட்டருக்கு 0.02 மி.மீ. காட்டும் மாஸ்டர் லெவல் ஒன்றை, தெரிந்த பட்டறையில் இரவல் கேளுங்கள். கொத்தனார் ரசமட்டம் இதற்கு உதவாது. லெவலை பெட்டின் குறுக்கே, முதலில் ஹெட்ஸ்டாக் பக்கம் வைத்துக் குமிழ் எங்கே நிற்கிறது என்று குறியுங்கள். பிறகு டெயில்ஸ்டாக் பக்கம் அதே திசையில் வையுங்கள். இரண்டு இடத்திலும் குமிழ் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். பூமிக்கு மட்டமாக இருக்கிறதா என்பது இரண்டாம்பட்சம், இரண்டு முனையும் ஒரே மாதிரி இருப்பதுதான் முக்கியம். கால்களுக்கு அடியில் ஷிம் தகடு கொடுத்தோ, லெவலிங் போல்ட்டைத் திருப்பியோ சரிசெய்யுங்கள்.

லெவல் கிடைக்கவில்லை என்றாலும், கிடைத்த பிறகும், கடைசித் தீர்ப்பு வெட்டில்தான். 30 அல்லது 40 மி.மீ. கம்பியைச் சக்கில் பிடித்து 150 மி.மீ. வெளியே விடுங்கள். டெயில்ஸ்டாக் கொடுக்க வேண்டாம். சக்கை ஒட்டி ஒரு பட்டை, முனையில் ஒரு பட்டை விட்டு, நடுவே தாழ்த்தி வெட்டிவிடுங்கள். பிறகு கூரான டூலால், ஒரே செட்டிங்கில், இரண்டு பட்டையிலும் மிக லேசாக ஒரு வெட்டு. மைக்ரோமீட்டரால் இரண்டையும் அளந்து பாருங்கள். முனைப் பட்டை பெரிதாக இருந்தால், டெயில்ஸ்டாக் பக்கம் நீங்கள் நிற்கும் புறத்துக் காலைக் கொஞ்சம் உயர்த்துங்கள். சிறிதாக இருந்தால் பின்புறக் காலை. மறுபடி வெட்டி, மறுபடி அளந்து, வித்தியாசம் 0.01 மி.மீ.க்குள் வரும்வரை பொறுமையாகச் செய்யுங்கள். ஒரு மாலை முழுவதும் போனாலும் பரவாயில்லை.

அதன் பிறகு ஒரு வாரம் ஓட்டிவிட்டு மீண்டும் பாருங்கள், புதுத் தரை கொஞ்சம் உட்கார்ந்திருக்கும். எல்லாம் நின்ற பிறகே ஆங்கர் போல்ட்டை இறுக்க வேண்டும், இறுக்கிய பின் மறுபடி ஒரு முறை அளக்க வேண்டும். இறுக்குவதே முறுக்கிவிடும்.

10. முதல் நாள் ஓட்டும் முன்

ஹெட்ஸ்டாக் எண்ணெய் மாற்றி, பெட்டுக்கு 68 கிரேடு ஸ்லைடுவே எண்ணெய் விட்டு, குறைந்த வேகத்தில் அரை மணி நேரம் சும்மா ஓட்டுங்கள். பேரிங் இருக்கும் இடத்தைத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாத சூடு ஏறக் கூடாது. மோட்டார் எதிர்த்திசையில் சுற்றினால் ஏதாவது இரண்டு பேஸை மாற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

வீடு என்பதால் லுங்கியோடும் வேட்டியோடும் ஷெட்டுக்குள் நுழைவோம். கூடாது. தொங்கும் துணி, முழுக்கைச் சட்டை, மோதிரம், கையுறை எதுவும் லேத் பக்கத்தில் வேண்டாம். கையுறை பாதுகாப்பு என்று நினைத்து மாட்டுகிறார்கள், அதுதான் கையை உள்ளே இழுக்கும். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். சக் சாவியைச் சக்கில் விட்டுக் கையை எடுக்காத பழக்கத்தை முதல் நாளே பிடித்துக்கொள்ளுங்கள். சுருள் பிசிறைக் கையால் இழுக்காமல் கொக்கிக் கம்பியால் எடுங்கள். குழந்தைகள் உள்ள வீடு என்றால் ஷெட்டின் மெயின் சுவிட்சுக்குப் பூட்டுப் போடும் வசதி வைத்து, சாவியை உங்களிடமே வைத்திருங்கள்.

செலவில் கடைசியாக ஒன்று. லேத் விலையில் பாதியளவு தொகையை டூல், அளவுக் கருவிகளுக்கு என்று ஒதுக்கி வையுங்கள். ஆடிசன், மிராண்டா போன்ற எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூல் பிட் சில, கிரைண்டர், 0-25 மைக்ரோமீட்டர், வெர்னியர், டயல் கேஜ், டிரில் சக், சென்டர் டிரில் இவை போதும் தொடங்க. கார்பைடு இன்சர்ட் டூல்களை உடனே வாங்க வேண்டாம். எச்.எஸ்.எஸ். பிட்டைக் கையால் கிரைண்டரில் தீட்டப் பழகுங்கள், சின்ன லேத்தின் வேகத்துக்கும் விசைக்கும் அதுதான் நன்றாக வெட்டும். தீட்டக் கற்றுக்கொள்ள ஒரு பழைய பட்டறைக்காரரிடம் ஒரு நாள் போய் நின்று பாருங்கள், பெரும்பாலானவர்கள் மகிழ்ச்சியாகவே சொல்லிக்கொடுக்கிறார்கள்.